புரட்டாசியில் நட்ட மரக்கன்றுகளை அடுத்த மழைக்காலம் வரை காப்பாற்றுவது எப்படி? (அறந்தாங்கிப் பக்கம், செம்மண் மேட்டு நிலம்)

செம்மண்காடு (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். அறந்தாங்கிக்கு வடக்கே எங்கள் குடும்பத்துக்கு ஒன்றரை ஏக்கர் மேட்டு நிலம் இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் வரும் வரை அது பலாவும் மாவும் தென்னையும் நிறைந்த தோப்பாக இருந்தது. புயலுக்குப் பிறகு வரப்போரத்துப் பனைகளும் கிணற்றடியில் ஒரு வேம்பும் மட்டுமே நின்றன. சில ஆண்டுகள் கடலையும் உளுந்தும் போட்டுவிட்டு, சென்ற புரட்டாசிக் கடைசியில்தான் மறுபடியும் மரம் வைத்தோம். வேம்பு, புங்கன், நாவல், நீர்மருது, இலுப்பைக் கன்றுகளை வனத்துறை நாற்றங்காலில் வாங்கினோம். ஒட்டு மாவும் பலாவும் ஒரு தனியார் பண்ணையில் வாங்கியவை. எல்லாமாகச் சேர்த்து அறுபது கன்றுகள். குழிகளை வைகாசியிலேயே இரண்டடி ஆழம், இரண்டடி அகலத்தில் எடுத்து ஆறப் போட்டு, மேல்மண்ணும் மக்கிய தொழுவுரமும் கலந்து நிரப்பித்தான் நட்டோம்.

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை நன்றாகப் பெய்ததால் கன்றுகள் பிடித்துக்கொண்டன. இப்போது தை பிறந்துவிட்டது, மழை விடைபெற்றுவிட்டது. மண் செம்மண், ஒரு முழத்துக்குக் கீழே சரளை. ஆழ்துளைக் கிணறு கோடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓடாது. நான் திருச்சியில் பணிபுரிவதால் நிலத்தைச் சித்தப்பாதான் பார்த்துக்கொள்கிறார். அவர் நாள்தோறும் காலையில் குழாயைப் பிடித்து ஒவ்வொரு கன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விடுகிறார். அப்படியிருந்தும் நாவலின் அடி இலைகள் மஞ்சளாகின்றன. வேப்பங்கன்றுகளில் சிலவற்றின் நுனி கருகியிருக்கிறது. இலுப்பை இலை உதிர்க்கத் தொடங்கியிருக்கிறது.

இங்கிருந்து அடுத்த புரட்டாசி வரை எந்த மாதத்தில் எதைக் கவனிக்க வேண்டும், எவ்வளவு தண்ணீர் விட வேண்டும், நாற்றங்காலிலிருந்து வந்த குச்சிகளை அப்படியே விட்டுவைக்கலாமா, கிளைகளைக் கழிக்க வேண்டுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஆலங்குடி மேட்டுக்காடு:

வணக்கம். நானும் தங்கள் மாவட்டத்துச் செம்மண்காரன்தான். தண்ணீரைப் பற்றி மட்டும் விரிவாக எழுதுகிறேன். மற்றவற்றுக்கு என்னைவிட விவரம் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

நாள்தோறும் குழாயைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடும்போது மேல்மண் நான்கு விரற்கடை ஆழத்துக்கு மேல் நனைவதில்லை; நனைந்ததும் மாலைக்குள் காய்ந்துவிடுகிறது. ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வேர் பரவும் என்பதால், இப்படி வளரும் கன்றின் வேர்கள் மேலாகவே சுற்றிக்கொண்டிருக்கும். சித்திரையில் மோட்டார் இரண்டு நாள் பழுதானால் முதலில் வாடுவது அந்தக் கன்றுதான். வளர்ந்த பிறகும் காற்றுக்கு நிலைகொள்ளாமல் ஆடும். ஆகவே தண்ணீரை இடைவெளி விட்டு, விடும்போது நிறைய விட்டு, வேரைக் கீழே இறங்க வைக்க வேண்டும்.

சித்தப்பாவிடம் நேரடியாகத் "தினமும் விடாதீர்கள்" என்று சொன்னால் அவர் மனம் ஒப்பாது. வாடிப்போகுமே என்றுதான் பதில் வரும். அதற்குப் பதிலாகத் தண்ணீர் விட்ட மறுநாள் காலையில், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கடப்பாரையால் ஒரு முழ ஆழத்துக்குக் குத்தி, அடியிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து அவர் கையில் கொடுங்கள். உருண்டை பிடித்தால் நின்று, கட்டை விரலால் அழுத்தினால் உடைகிற மண்ணில் கன்றுக்குப் போதுமான ஈரம் இருக்கிறது. பிடிபடாமல் பொலபொலவென்று உதிர்ந்தால் தண்ணீர் அந்த ஆழத்துக்குப் போகவே இல்லை. விரலில் சேறாக ஒட்டினால் அளவுக்கு மீறி விட்டாயிற்று. எந்த அட்டவணையைவிடவும் இந்தச் சோதனையை நம்பலாம். நான் கீழே எழுதும் அளவுகளையும் இதை வைத்தே கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

தையில் மழையின் ஈரம் அடிமண்ணில் இன்னும் இருக்கும். வாரம் ஒருமுறை கன்றுக்கு 15 லிட்டர் போதும். மாசி, பங்குனியில் ஐந்து நாளுக்கு ஒருமுறை 20 லிட்டர். சித்திரை, வைகாசியில், குறிப்பாக மே 4ஆம் தேதி வாக்கில் தொடங்கும் அக்கினி நட்சத்திர நாட்களில், வாரம் இருமுறை 20 முதல் 25 லிட்டர். பலாவுக்கு மட்டும் இன்னும் ஒருமுறை கூடுதலாகக் கொடுக்கலாம். முதல் கோடையில் அது மற்றவற்றைப் போலத் தாங்காது. அறுபது கன்றுக்கு 20 லிட்டர் வீதம் 1200 லிட்டர் வேண்டும். கிணறு ஒரே நாளில் அவ்வளவு கொடுக்காவிட்டால் இன்று முப்பது, நாளை முப்பது என்று பிரித்து விடுங்களே தவிர, எல்லாவற்றுக்கும் பாதிப் பாதியாக விட வேண்டாம். மாலை வெயில் இறங்கிய பின் விடுவது நல்லது. இரவு முழுவதும் மண் குடிக்கும்.

பலர் கவனிக்காத ஒன்று ஆனி, ஆடி மாதங்கள். அக்கினி நட்சத்திரம் முடிந்தது, இனிக் கவலையில்லை என்று தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். ஆனால் தென்மேற்குப் பருவமழை நம் பக்கம் ஆடியில் பெரிதாகப் பெய்வதில்லை; மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று மட்டும் ஓயாமல் வீசி, வெயில் குறைந்திருந்தாலும் மண்ணையும் இலையையும் உலர்த்திவிடுகிறது. கோடையைத் தாண்டிய கன்று ஆடிக் காற்றில் கருகுவதை இங்கே ஆண்டுதோறும் பார்க்கலாம். ஆகவே ஆவணியில் மாலை மழை பிடிக்கும் வரை பங்குனி அளவைத் தொடர்ந்து கொடுங்கள்.

கோடை மழை பெய்தால் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள ஒரு வழி உண்டு. ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு மீட்டர் விட்டமுள்ள வட்டப்பாத்தியில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 20 லிட்டர் விழுந்துவிடுகிறது. அந்த முறை தண்ணீர் விட வேண்டியதில்லை. ஐந்து மில்லிமீட்டர் தூறலை மழை என்றே கொள்ள வேண்டாம். புழுதியை அடக்குவதோடு அதன் வேலை முடிந்துவிடும்.

பாத்தியைத் தண்டை ஒட்டிக் குழியாக வைக்காமல், தண்டின் அடியில் மண்ணைச் சற்று அணைத்து, தண்ணீர் ஓரமாகச் சுற்றி நிற்கும்படி அமையுங்கள். நிலம் சரிவாக இருந்தால் தாழ்ந்த பக்கத்தில் பிறை வடிவில் ஒரு கரை போதும். பாத்திக்குள் மூடாக்கு, அதாவது மண்ணை மூடும் மட்டையோ சருகோ, கட்டாயம் வேண்டும். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று சொன்ன செய்திதான் இது. செம்மண் மேட்டில் அதன் அருமை ஒரே கோடையில் தெரிந்துவிடும். நம் பக்கம் எளிதாகக் கிடைப்பது தேங்காய் உரிமட்டை. அதை வழவழப்பான வெளிப்பக்கம் மேலே இருக்கும்படி கவிழ்த்து அடுக்கி, மேலே கடலைக் கொடியோ சருகோ நான்கு விரற்கடை கனத்துக்குப் பரப்புங்கள். தண்டைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் எதுவும் இல்லாமல் விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் மூடாக்கு வழியாகவே கரையான் பட்டைக்கு ஏறிவிடும். தண்டில் மண் கூடு தெரிந்தால் அன்றே துடைத்தெடுத்துவிட்டு, பாத்தி மண்ணில் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்குத் தூளைக் கலந்துவிடுங்கள்.

பழைய நாற்றங்கால்:

அன்புடையீர், நான் நாற்றங்காலில் பல ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். தண்ணீரைப் பற்றி மேலே எழுதியிருப்பவர் சொன்னவற்றில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தங்கள் கன்றுகளில் தெரியும் அறிகுறிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இலுப்பை இலை உதிர்ப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம். இலுப்பை, வேம்பு, நீர்மருது ஆகியவை மாசி, பங்குனியை ஒட்டி இலை உதிர்ப்பது இயல்பு. புங்கனும் சற்றுப் பின்னால் உதிர்த்து உடனே பளபளவென்று துளிர்க்கும். இளங்கன்றில் இது முன்பின்னாக இருக்கும். ஐயமாக இருந்தால் தண்டின் மேற்பட்டையை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாகவும் ஈரமாகவும் இருந்தால் கன்று உயிரோடு இருக்கிறது. பழுப்பாக, உலர்ந்து இருந்தால் ஒரு சாண் கீழே இறங்கி மறுபடி சுரண்டுங்கள். பச்சை தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டிவிட்டால் பெரும்பாலும் பக்கத்தில் துளிர் வரும். இலை உதிர்ந்த கன்றுக்குப் பதற்றத்தில் தண்ணீரைக் கூட்டுவதுதான் அதைக் கொல்லும். இலை இல்லாதபோது அதற்குத் தேவை குறைவு.

வேம்பின் நுனிக்கருகல் வேறு கதை. பனிக்காலத்தில் தேயிலைக் கொசு எனப்படும் நாவாய்ப் பூச்சி இளந்துளிரில் சாறு உறிஞ்ச, அந்தக் காயத்தைத் தொடர்ந்து பூஞ்சணமும் சேர்ந்துகொள்வதால் நுனி தீய்ந்தது போல ஆகிறது. பெரிய மரங்களிலும் கார்த்திகை முதல் தை வரை இதைப் பார்க்கலாம்; வெயில் ஏறியதும் அவை தாமாகவே துளிர்த்துக்கொள்ளும். கன்றுகளில், கருகிய நுனியைப் பச்சைப் பகுதி வரை வெட்டி, வெட்டியவற்றைத் தோட்டத்தில் போடாமல் எரித்துவிடுங்கள். அதற்கு மேல் மருந்து தேடி அலைய வேண்டியதில்லை என்பது என் கருத்து.

நாவலின் அடி இலை மட்டும் மஞ்சளாகி, கொழுந்து பச்சையாக இருந்தால், மேல்மண் ஓயாமல் ஈரமாக இருப்பதையே முதலில் சந்தேகிக்க வேண்டும். தண்ணீர் விடும் முறையை மாற்றி ஒரு மாதம் பொறுத்துப் பாருங்கள். அதற்குள் உரக்கடைக்குப் போக வேண்டாம்.

குச்சியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நாற்றங்காலில் கன்றை நேராக வளர்க்கத் தண்டோடு ஒட்டி ஒரு மூங்கில் குச்சியை வைத்துப் பிளாஸ்டிக் நூலால் இறுக்கிக் கட்டுவோம்; அது ஏற்றிக்கொண்டு போகும் வரைக்கும்தான். தோட்டத்தில் அந்த நூலை இப்போதே அறுத்துவிடுங்கள். தண்டு பருக்கப் பருக்க அது பட்டைக்குள் புதைந்து, ஒருநாள் காற்றில் சரியாக அந்த இடத்தில் முறிந்து விழும். காற்று வரும் மேற்குப் பக்கம் தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி ஒரு கம்பை ஆழமாக ஊன்றி, பழைய வேட்டித் துணியையோ கயிற்றையோ எட்டு வடிவில் தளர்வாகச் சுற்றி, கன்றின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழேயே கட்ட வேண்டும். தலைப்பகுதி ஆடத்தான் வேண்டும். ஆடுவதால்தான் அடித்தண்டு பருக்கிறது, வேர் பிடிமானம் தேடுகிறது. ஆவணியில் கட்டை அவிழ்த்துப் பாருங்கள். தானாக நிமிர்ந்து நிற்பவற்றுக்குக் கம்பு இனி வேண்டாம். சாய்பவற்றுக்கு மட்டும் ஐப்பசி, கார்த்திகைப் புயல் காலம் முடியும் வரை வைத்திருங்கள்.

கிளை கழிப்பதில் நம்மவர்களுக்கு அவசரம் அதிகம். அடித்தண்டில் இருக்கும் சின்னச் சின்னக் கிளைகளைச் சீவிவிட்டால் கன்று அழகாகத் தெரியும். ஆனால் தண்டைப் பருக்க வைப்பவையும் வெயிலிலிருந்து பட்டையை மறைப்பவையும் அவைதான். முதல் ஆண்டு முழுவதும் காய்ந்த கிளை, முறிந்த கிளை தவிர எதிலும் கத்தி வைக்க வேண்டாம். உச்சியில் இரண்டு தண்டுகள் போட்டியாக எழுந்தால் மட்டும் நலிந்ததன் நுனியைக் கிள்ளிவிடுங்கள். அடுத்த ஆண்டுகளிலும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கழிக்கக் கூடாது.

ஒட்டு மாவுக்குத் தனிக் கவனம் வேண்டும். ஒட்டுக் கட்டிய பாலித்தீன் நாடா இன்னும் இருந்தால் பிளேடால் கீறி எடுத்துவிடுங்கள். ஒட்டுக்குக் கீழிருந்து வரும் துளிரை வாரந்தோறும் பார்த்துக் கையாலேயே கிள்ளுங்கள். விட்டுவைத்தால் அது மேலே போய், தாங்கள் காசு கொடுத்து வாங்கிய இரகம் காணாமல் போய்விடும். தை, மாசியில் கன்றிலேயே பூ எடுத்தால் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு கிள்ளிவிட வேண்டும். முதல் மூன்று ஆண்டுகளுக்குக் காய் பிடிக்க விடாமல் இருந்தால்தான் மரம் கிளை பரப்பி எழும். மாவுக்கும் பலாவுக்கும் பங்குனி தொடங்கும் முன்பே மேற்குப் பக்கம் ஒரு தென்னங்கீற்றையோ பனையோலையையோ சாய்வாக ஊன்றி, பிற்பகல் வெயில் தண்டில் படாமல் மறையுங்கள். வெளியே தெரியும் தண்டில் நீர்த்த சுண்ணாம்பைப் பூசிவிடுவதும் பட்டை வெடிப்பைத் தடுக்கும்.

கரிசல் வரப்பு:

இந்தத் திரியைப் படித்துவிட்டு எங்கள் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் யாராவது அப்படியே செய்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். கரிசல் மண் தண்ணீரை மெதுவாகக் குடித்து வெகுநாள் வைத்திருக்கும். வாரம் இருமுறை 20 லிட்டர் என்பது இங்கே வேரை அழுக வைக்கும். கோடையிலும் எட்டுப் பத்து நாளுக்கு ஒருமுறை 30 லிட்டர் என்ற அளவே சரி. எங்களுக்குக் கோடையில் தொல்லை தருபவை வெடிப்புகள்தான். பாளம் பாளமாக மண் வெடிக்கும்போது இளவேர் அறுந்துவிடுகிறது. வெடிப்பு வழியாக அடி ஈரமும் ஆவியாகிறது. தண்ணீர் விட்ட மூன்றாம் நாள் பாத்தியை மேலாகக் கொத்திவிட்டு, மேல்மண்ணைத் தூளாக வைத்திருந்தால் வெடிப்பு ஆழமாகாது.

மழைக்காலத்தில் செம்மண்காரர்கள் பாத்தியில் தண்ணீரைத் தேக்குவார்கள். நாங்கள் பாத்தியை உடைத்துவிடுவோம். ஐப்பசி பிறக்கும் முன்பே பாத்திக் கரையை வெட்டி, தண்டின் அடியில் மண்ணை மேடாக அணைத்து, சிறு வாய்க்காலைச் சரிவை நோக்கி இழுத்துவிட வேண்டும். நீர்மருதும் புங்கனும் சில நாள் தண்ணீர் நின்றாலும் பொறுத்துக்கொள்ளும். வேம்பும் பலாவும் பொறுக்காது.

ஒரு கருத்து வேறுபாடும் உண்டு. ஆலங்குடி நண்பர் மூடாக்கை ஆண்டு முழுவதும் வைக்கலாம் என்பது போல எழுதியிருக்கிறார். அடைமழை மாதங்களில் கனமான மூடாக்கு தண்டடியை எந்நேரமும் ஈரமாக வைத்து அழுகலுக்கு இடம் கொடுக்கும். கார்த்திகை முடியும் வரை அதை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, மார்கழியில் மண் ஈரமாக இருக்கும்போதே மறுபடி பரப்புவதுதான் எங்கள் வழக்கம்.

ஆலங்குடி மேட்டுக்காடு:

கரிசலுக்கு அது முற்றிலும் சரி. சரளை கலந்த செம்மண் மேட்டில் மழைநீர் நிற்பதே இல்லை என்பதால் நாங்கள் ஒதுக்குவதில்லை; தண்டடியில் ஒரு சாண் இடைவெளி இருந்தால் போதும். ஆனால் மழைக்கு முன்பு மூடாக்கைப் புரட்டிப் பார்ப்பது எங்களுக்கும் நல்லதுதான். பாம்பும் தேளும் அதற்குள் தங்கும் என்பதால் கையை விடாமல் கம்பால் புரட்டுங்கள்.

செம்மண்காடு:

அனைவருக்கும் மிக்க நன்றி. பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது கடப்பாரைச் சோதனையைச் சித்தப்பா முன்னிலையில் செய்து பார்த்தோம். மேலே சேறு, ஒரு சாணுக்குக் கீழே புழுதி. அவர் ஒன்றும் சொல்லவில்லை; மறுநாள் காலையில் குழாயைச் சுருட்டி வைத்துவிட்டு, மண்வெட்டியை எடுத்துப் பாத்தி பிடிக்கத் தொடங்கிவிட்டார். பிளாஸ்டிக் நூல்களையும் அறுத்துவிட்டோம். இரண்டு நாவல் கன்றுகளில் அது ஏற்கெனவே பட்டையில் தடம் பதித்திருந்தது.

இன்னும் இரண்டு ஐயங்கள். அறுவடை முடிந்ததால் பக்கத்து வயல்களில் ஆடுகள் மேயத் தொடங்கிவிட்டன. அறுபது கன்றுக்கும் இரும்புக் கூண்டு வாங்க வசதியில்லை. அடுத்தது, உரம் எப்போது, எவ்வளவு வைப்பது? பஞ்சகவ்யம் தெளிக்கலாம் என்று ஒருவர் சொல்கிறார்.

வேலியோரம்:

ஆட்டைப் பற்றி நான் சொல்கிறேன். எங்கள் ஊரில் மரம் வளர்ப்பதில் பாதி வேலை அதுதான். ஆடு ஒருமுறை கொழுந்தைக் கடித்துவிட்டால் கன்று இறப்பதில்லை, ஆனால் ஓராண்டு வளர்ச்சி போய்விடும். உச்சி முறிந்து புதராகிவிடும். தங்கள் கன்றுகளில் புங்கனை ஆடு அவ்வளவாகத் தொடாது. வேம்பு, மா, பலா, நாவல் எல்லாவற்றையும் விரும்பித் தின்னும். ஆகவே கூண்டோ வலையோ வாங்கும் பணத்தை மாவுக்கும் பலாவுக்கும் மட்டும் செலவிடுங்கள். மற்றவற்றுக்குச் சீமைக்கருவேல முள்ளை வெட்டி, கன்றைச் சுற்றி இரண்டு அடி தள்ளி, அடிப்பகுதி மண்ணில் புதையும்படி நட்டு, நடுவில் ஒரு கயிற்றால் சுற்றிக் கட்டுங்கள். சும்மா குவித்து வைத்த முள்ளை ஆடு காலால் ஒதுக்கிவிடும். வெட்டும்போது காய் இல்லாத கிளையாகப் பார்த்து வெட்டுங்கள். இல்லையென்றால் அடுத்த மழையில் தோப்புக்குள்ளேயே கருவேலம் முளைத்துவிடும். முள் ஓராண்டில் மக்கிவிடும் என்பதால் அடுத்த தையில் மறுபடி போட வேண்டும்.

பசுஞ்சாணத்தைக் கரைத்து இலையில் தெளித்தால் அந்த வாடைக்கு ஆடு ஒதுங்கும். மழை பெய்தாலும் புதுத் துளிர் வந்தாலும் அது பயன்படாமல் போகும். எனவே முள்ளுக்கு மாற்றாக அதைக் கொள்ளாமல், முள் போட்டு முடிக்கும் வரை நாள் கடத்தும் வழியாகக் கொள்ளுங்கள். கோடையில் ஆட்டு மந்தையோடு கிடை போட வரும் கீதாரிகளிடம் முன்கூட்டியே போய்ப் பேசிவிடுவது இவை எல்லாவற்றையும்விடப் பயன் தரும். கன்று வைத்திருக்கிறோம், அந்த வரப்புக்கு இந்தப் பக்கம் மந்தையை ஓட்ட வேண்டாம் என்று முறையாகச் சொன்னால் அவர்கள் மதித்து நடப்பார்கள். கடித்த பிறகு போய்ச் சண்டை போட்டுப் பயனில்லை. பங்குனிக்குள் வரப்போரத்துக் காய்ந்த புல்லையும் ஆறடி அகலத்துக்குச் செதுக்கிவிடுங்கள். பக்கத்துக் காட்டில் யாராவது அறுவடைத் தாளைக் கொளுத்தினால் தீ முதலில் மூடாக்கில்தான் பற்றும்.

ஆலங்குடி மேட்டுக்காடு:

உரத்துக்கு இப்போது வேலையே இல்லை. குழியில் தொழுவுரம் கலந்து நட்டிருக்கிறீர்கள். கோடையில் மேலும் உரம் வைத்தால், குறிப்பாக யூரியா வைத்தால், இளந்துளிர் மளமளவென்று வந்து அதைத் தாங்கும் தண்ணீர் இல்லாமல் வெயிலில் பொசுங்கும். புரட்டாசியில் முதல் நல்ல மழை பெய்து மண் நனைந்த பிறகு கன்றுக்கு 10 கிலோ நன்கு மக்கிய தொழுவுரமும் கால் கிலோ வேப்பம் புண்ணாக்கும் போதும். அதைத் தண்டடியில் கொட்டாமல், ஒன்றரை அடி தள்ளி வட்டமாக மேலாகக் கொத்தி, அதில் இட்டு மூடுங்கள். மக்காத புதுச் சாணத்தை வைத்துவிடாதீர்கள். வேரைத் தின்னும் வெண்புழுக்கள் அதில்தான் பெருகும். பஞ்சகவ்யத்தைப் பத்து லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி என்ற அளவில் தெளிப்பது பரவலான வழக்கம். துளிர் வரும் ஆவணியில் தெளித்துப் பாருங்கள், கேடு ஒன்றும் இல்லை. தண்ணீரும் மூடாக்கும் சரியாக இல்லாத கன்றை அது காப்பாற்றிவிடும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

வேலியோரத்து நண்பர் ஆட்டைப் பற்றி எழுதியதைப் படித்ததும் கொழிஞ்சி என்ற பசுந்தாள் உரச் செடி நினைவுக்கு வந்தது. ஆவணி, புரட்டாசி மழையில் கன்றுகளுக்கு இடையே கொழிஞ்சி விதையைத் தூவிவிடுங்கள். செம்மண்ணில் நன்றாக வரும், ஆடு மாடு அதைத் தின்னாது, காற்றிலுள்ள தழைச்சத்தை வேர்முடிச்சுகளில் சேர்க்கும். பூக்கும் தருவாயில் அறுத்துப் பாத்தியில் பரப்பினால் அடுத்த கோடைக்கான மூடாக்கும் ஆயிற்று. அதே சமயம் பாத்தியையும் அகலப்படுத்துங்கள். கிளைகளின் நுனி எவ்வளவு தூரம் வந்திருக்கிறதோ அதற்கு ஒரு முழம் வெளியே கரை இருக்க வேண்டும். சொட்டுநீர் போடுவதாக இருந்தால் சொட்டுவானையும் அப்படியே வெளியே நகர்த்துங்கள். பலர் நட்ட நாளில் வைத்த இடத்திலேயே ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். இரண்டாம் கோடையில் தண்ணீரின் அளவை ஒன்றரை மடங்காக்கி, இடைவெளியை இரட்டிப்பாக்கலாம். மூன்றாம் கோடையில் வேம்பு, புங்கன், இலுப்பைக்கு மாதம் ஒருமுறை விட்டாலே போதும். மாவும் பலாவும் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அறுபதில் சில போகத்தான் செய்யும். போன இடத்தில் உடனே மறு கன்று வைக்காமல் புரட்டாசி வரை பொறுங்கள். இறந்த கன்றைத் தூக்கி எறியும் முன்பு வேரோடு பிடுங்கி உதறிப் பாருங்கள். நாற்றங்கால் பையின் வடிவத்திலேயே வேர் சுருண்டு கிடந்தால், அடுத்த கன்றை நடும்போது பையின் அடியை ஒரு விரற்கடை அளவுக்கு அரிந்து, சுருண்ட வேரைப் பிரித்துவிட்டு நட வேண்டும். பட்டை கடிபட்டு மண் ஒட்டியிருந்தால் அது கரையான். குழியில் வேப்பம் புண்ணாக்கைக் கூட்டுங்கள். சல்லிவேர் மொத்தமும் தின்னப்பட்டு மொட்டையாக இருந்தால் குழி மண்ணைக் கிளறி வெண்புழுவைத் தேடிப் பொறுக்குங்கள். வேர் கறுத்து, தொட்டால் தோல் கழன்று, நாற்றம் அடித்தால் அந்த இடத்தில் தண்ணீர் நிற்கிறது. அங்கே வேம்பை மறுபடி வைக்காமல் ஒரு நீர்மருதை வையுங்கள்.